கோட்டைக் கலையில் கொடுக்கலும் வாங்கலும்

ஒரு நாட்டின் கலையில் அயல்நாட்டார் செல்வாக்கு எவ்வளவு என்று ஆராயப் புகுவோர் இரு பக்கமும் வழுக்கிவிழக் கூடும். எல்லாம் நம்மிடமிருந்தே போயிற்று என்பது ஒரு பக்கம். எல்லாம் மேனாட்டார் கற்றுக்கொடுத்ததே என்பது மறு பக்கம். இரண்டுமே சான்று தேடும் உழைப்பினின்றும் நம்மை விடுவிக்கும் எளிய வழிகள். அதனாலேயே அவை பலருக்கும் இனிக்கின்றன. வகுப்பறையில் வரலாறும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியர்க்கோ அவ்வெளிய வழி ஆகாது.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டவல்லது கோட்டைக் கலை. கோயிலை மரபு மாறாமல் கட்டலாம். வீட்டை முன்னோர் கட்டியவாறே கட்டலாம். கோட்டையை அவ்வாறு கட்ட முடியாது. பகைவன் கையில் புதிய படைக்கலம் வந்துவிட்டால் பழைய மதில் பயனற்றதாகும். ஆகவே, கோட்டை கட்டுவோன் பகைவனிடமிருந்தும் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவன். இக்கட்டுரையில் ஜப்பான் நாட்டுக் கோட்டைகளையும், தமிழர் வாழும் நிலங்களில் எழுந்த கோட்டைகளையும், நாம் வாழும் நெகிரி செம்பிலானின் அரண்களையும் ஒருங்கு வைத்துப் பார்ப்போம். எங்கும் மூன்று வினாக்களை எழுப்புவோம்: வெளியிலிருந்து வந்தது எது? அது யார் வழியாக வந்தது? வந்ததை உள்நாட்டார் என்ன செய்தனர்?

அரண் என்பது யாது?

தமிழர்க்குக் கோட்டைக் கலை புதிதன்று. மதிலை முற்றுகையிடுதலை உழிஞை என்றும், மதிலைக் காத்தலை நொச்சி என்றும் பெயரிட்டுப் பாடிய மரபு நம்முடையது. அகழி, காவற்காடு, மதில், மறைந்து நின்று அம்பெய்தற்குரிய ஞாயில் என உறுப்புத்தோறும் தனிச்சொல் உண்டு. மதுரை மதில்மேல் அமைந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்திக் கூறுகிறது. திருக்குறளின் 75ஆம் அதிகாரம் அரண் என்னும் பெயரையே தாங்கி நிற்கிறது. நீரும் வெட்டவெளியும் மலையும் காடும் ஆகிய இயற்கை அரண்களை வள்ளுவர் அங்கே எண்ணுகிறார். பின்னர் மதிலின் இலக்கணம் கூறுகிறார். இறுதியில், எத்துணைச் சிறப்புடைய அரணாயினும் செயற்சிறப்பு இல்லாதாரிடத்து அது இல்லாததற்கு ஒப்பாகும் என்று முடிக்கிறார். இம்முடிபை நினைவிற் கொள்க. மீண்டும் இதற்கு வருவோம்.

சொல்லும் கடல் கடந்ததுண்டு. கோத்தா பாரு, கோத்தா திங்கி என்னும் ஊர்ப்பெயர்களில் உள்ள கோத்தா என்னும் மலாய்ச் சொல் நம் கோட்டையோடு உறவுடையது. ஆனால் சொல் சென்ற இடமெல்லாம் கட்டடமுறையும் சென்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. சொல்லுக்குச் சான்று வேறு, கல்லுக்குச் சான்று வேறு.

பீரங்கி செய்த மாற்றம்

பீரங்கி வருமுன் உலகெங்கும் கோட்டையின் வலிமை உயரத்தில் இருந்தது. ஏணிக்கு எட்டாத மதில், அம்புக்கு எட்டாத கோபுரம், இவையே காப்பு. 1494ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லசு இரும்புக் குண்டுகள் எறியும் பீரங்கிகளோடு இத்தாலியில் புகுந்தபோது, உயர்ந்த மெல்லிய மதில்கள் சரிந்து வீழ்ந்தன. உயரமே குறையாயிற்று, குறி வைத்தற்கு எளிதாயிற்று.

இதற்கு இத்தாலியப் பொறியாளர் கண்ட விடை மூன்று கூறுடையது. மதிலைத் தாழ்த்திப் பருமனாக்கி, உட்புறம் மண்ணைக் கொட்டி நிரப்பினர். குண்டு கல்லில் பட்டாலும் மண் அதன் வேகத்தை விழுங்கிவிடும். மதிலின் முன் அகன்ற அகழி வெட்டி, மதிலின் பெரும்பகுதி அதனுள் தாழ்ந்து மறையுமாறு செய்தனர். மூலைதோறும் இருந்த வட்டக் கோபுரங்களை நீக்கி, ஈட்டிமுனை போல் வெளியே நீண்ட கூரிய கொத்தளங்களை அமைத்தனர்.

இம்மூன்றாவதே நுட்பம் மிக்கது. வட்டக் கோபுரத்தின் அடியில் ஒட்டி நிற்கும் பகைவனை மதில்மேல் நிற்கும் எந்த வீரனும் சுட இயலாது; அவ்விடம் பார்வைக்குத் தப்பிய இடம். கூரிய கொத்தளத்தின் பக்கங்களையோ அடுத்த கொத்தளத்திலிருந்து நேராகச் சுடலாம். ஒவ்வொரு கொத்தளமும் தன் அண்டைக் கொத்தளத்தைக் காக்கும். தன்னைத் தானே காக்க வேண்டியதில்லை. இவ்விதி கணக்காக நின்றமையால் கோட்டையின் வடிவம் நட்சத்திரம் போலாயிற்று. மாணவர்க்கு இதனை விளக்கக் கரும்பலகையும் அளவுகோலுமே போதும்: ஐங்கோணம் ஒன்று வரைந்து, மூலைகளில் கூர்முனைகளைச் சேர்த்து, ஒவ்வொரு முனையினின்றும் நேர்கோடுகள் இழுத்தால் மறைவிடம் ஒன்றும் எஞ்சாமை விளங்கும்.

மலாக்காவின் மதில்

இக்கலை கீழ்த்திசைக்கு வந்தது கப்பலில். கொணர்ந்தவர் வணிகம் நாடி வந்தவர். 1511ஆம் ஆண்டு அல்புகர்க்கு மலாக்காவைக் கைப்பற்றியவுடன் செய்த முதல் வேலை கோட்டை கட்டியதே. பள்ளிவாசல்களின் கற்களும் மலாக்கா அரசர்களின் கல்லறைக் கற்களும் அதற்குப் பயன்பட்டன. முதலிற் கட்டியது உயர்ந்த கோபுரம் உடைய பழைய முறைக் கோட்டை. பின்னரே கொத்தளங்களோடு கூடிய நகர மதில் வளர்ந்தது. 1641இல் ஒல்லாந்தர், சோகூர்ப் படையின் துணையோடு நெடிய முற்றுகைக்குப் பின் அதனைக் கைப்பற்றினர். இன்று எஞ்சியுள்ள வாயிலில் அவர்தம் கம்பெனிச் சின்னமும் 1670 என்னும் ஆண்டும் காணப்படுகின்றன. போர்த்துக்கீசியர் கட்டிய வாயிலில் ஒல்லாந்தர் முத்திரை! ஒரு கட்டடத்தைக் கண்ட மாத்திரத்தில் இன்னார் கட்டியது என்று கூறுதல் எத்துணைத் தவறாகும் என்பதற்கு இவ்வாயிலே போதிய பாடம்.

1807இல் ஆங்கிலேயர், இக்கோட்டை மீண்டும் ஒல்லாந்தர் கையிற் சிக்கினால் தமக்குத் தீங்காகும் என்று கருதி, அதனை வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். அந்நிகழ்ச்சியை எழுதி வைத்தவர் முன்சி அப்துல்லா. மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் இவர் மலாக்காவிற் பிறந்தவர். தமிழ்க் குருதியும் அரபுக் குருதியும் கலந்த குடியினர். இளமையில் ஆசிரியரிடம் முறையாகத் தமிழ் பயின்றவர். அக்கோட்டையில் பேய்கள் குடியிருப்பதாகவும், எவராலும் அதனை இடிக்க முடியாதெனவும் ஊரார் நம்பியதையும், கூலியாட்கள் அஞ்சியதையும், பின்னர் வெடிமருந்தால் பெருங்கற்கள் வானிற் பறந்ததையும் தம் வரலாற்று நூலில் அவர் விரித்துரைக்கிறார். மலாக்காவின் பொலிவே அன்றோடு போயிற்று என்பது அவர் வருத்தம். கட்டியவர் அயலார், இடித்தவரும் அயலார். ஆயினும் வருந்தியவர் உள்ளூரார். முந்நூறு ஆண்டு ஓரிடத்தில் நின்ற கல், யார் கொணர்ந்ததாயினும், அவ்வூரார்க்கு உரியதாகிவிடுகிறது. 2006இல் மலாக்காவில் புதிய கட்டட வேலைக்கு மண் தோண்டியபோது பழைய கொத்தளம் ஒன்றின் அடிப்பகுதி வெளிப்பட்டது. அதனைக் காப்பதற்காகக் கட்டட வேலையை வேறிடத்திற்கு மாற்றினர்.

யாழ்ப்பாணத்து ஐங்கோணம்

தமிழர் நிலத்தில் இக்கலையின் நிறைவான வடிவைக் காண விரும்புவோர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்க்க வேண்டும். தரங்கம்பாடியில் 1620இல் தேனியர் கட்டிய கோட்டையும், சென்னையில் 1640இல் ஆங்கிலேயர் தொடங்கிய கோட்டையும் வரலாற்றிற் புகழ் பெற்றவையே. ஆயினும், வடிவத் தூய்மையில் யாழ்ப்பாணத்திற்கு ஈடாகா.

போர்த்துக்கீசியர் அங்கே கட்டியது நாற்கோணக் கோட்டை. 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதன் இடத்தில் ஐந்து கொத்தளங்களோடு ஐங்கோணக் கோட்டையை எழுப்பி, 1680இல் உட்கோட்டையை முடித்தனர். தம் நாட்டு மாநிலங்களின் பெயர்களைக் கொத்தளங்களுக்குச் சூட்டினர். திட்டம் ஒல்லாந்தருடையது, கல்லோ அவ்வூர்க் கடற்கரையில் கிடைத்த பவளக்கல். உழைப்பு அவ்வூர்த் தமிழருடையது. ஒல்லாந்தர் ஆட்சியில் குடிகள் ஆண்டுதோறும் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். ஏட்டில் ஆளுநர்களின் பெயர் இருக்கிறது; கல் சுமந்தவர் பெயர் இல்லை. தோட்டங்களில் பாட்டனார் வெட்டிய சாலையும் பதித்த தண்டவாளமும் யார் பெயரால் வழங்குகின்றன என்பதை அறிந்த நம் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வெளி அரண்கள் 1792இல் நிறைவுற்றன. மூன்றே ஆண்டில், 1795இல், ஆங்கிலேயர் வந்தபோது ஒரு குண்டும் வெடியாமல் கோட்டை கைமாறிற்று. நூறாண்டுக்கு மேலாகச் செப்பனிட்ட மதில் ஒருநாட் போரையும் காணவில்லை. அது போரைக் கண்டது அதற்குப் பின் ஏறத்தாழ 200 ஆண்டு கழித்தே. 1990இல் நடந்த முற்றுகையும் தொடர்ந்த போரும் அதனைச் சிதைத்தன. உள்ளே 1706இல் கட்டிய தேவாலயமும் அழிந்தது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு செஞ்சி. அங்கே கணக்கிட்டு வரைந்த கோணம் இல்லை; மூன்று மலைகளைச் சேர்த்து வளைத்த மதில் உண்டு. நாயக்கர், பீசப்பூரார், 1677இல் சிவாஜி, பின்னர் மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறிய அக்கோட்டையில் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைச் சேர்த்தனர், அடிப்படையை மாற்றவில்லை. மொகலாயப் படை ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகையிட்டு 1698இல்தான் அதனைப் பெற்றது. மலையே பாதி மதிலாக நிற்கும் இடத்தில் இத்தாலியக் கோணத்திற்கு வேலை குறைவு. 2025இல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றது.

ஜப்பான்: மூன்று காலம், மூன்று விடை

இனி, ஜப்பானுக்கு வருவோம். ஜப்பானியக் கோட்டை என்றதும் வெண்சுதை பூசிய சுவரும், அடுக்கடுக்கான கூரையும், வளைந்து சரியும் கல் அடித்தளமும் நினைவுக்கு வரும். இது மேனாட்டார் செல்வாக்கா என்று கேட்போர் பலர். விடை காலத்திற்குக் காலம் வேறுபடும்.

முதற்காலம் ஏழாம் நூற்றாண்டு. கொரியாவின் பெக்சே அரசுக்குத் துணையாகச் சென்ற ஜப்பானியப் படை 663இல் சீன, சில்லா படைகளிடம் பெருந்தோல்வி கண்டது. பகைவர் கடல் கடந்து வருவர் என்ற அச்சத்தால், 664இல் கியூசு தீவில் மீசுக்கி என்னும் நீண்ட மண் அணையும், 665இல் ஓனோ மலைக்கோட்டையும் எழுந்தன. அவற்றை அமைக்க வழிகாட்டியவர்கள் நாடிழந்து வந்த பெக்சேப் பெருமக்கள் என்று ஜப்பானியப் பழைய வரலாறே கூறுகிறது. ஆக, ஜப்பானியக் கோட்டை வரலாற்றில் ஐயத்திற்கு இடமில்லாத பழைய அயற்செல்வாக்கு ஐரோப்பியருடையது அன்று, கொரியருடையது. அதனைக் கொணர்ந்தவர் வென்றவரும் அல்லர்; ஏதிலிகள்.

இரண்டாங்காலம் பதினாறாம் நூற்றாண்டு. 1543இல் போர்த்துக்கீசியர் தனேகாசிமாத் தீவுக்குத் துப்பாக்கியைக் கொணர்ந்தனர். சில ஆண்டுகளிலேயே ஜப்பானியக் கொல்லர் அதனைத் தாமே செய்யலாயினர். 1576இல் ஓடா நொபுனாகா அசூச்சி என்னும் இடத்தில் பெருங்கோட்டை தொடங்கினார். உச்சியில் பல அடுக்கு மாளிகை அமைந்தது. கிறித்தவப் பாதிரியார்கள் அங்கே வந்து போனதால், அம்மாளிகை ஐரோப்பியக் கோபுரத்தைப் பார்த்துச் செய்தது என்று சிலர் கருதினர். மாளிகைக்கு வழங்கும் தென்சு என்னும் பெயரும், கிறித்தவர் கடவுளைக் குறிக்க வழங்கிய சொல்லும் ஒலியில் ஒன்றாயிருத்தலையும் சான்றாகக் காட்டினர். ஒலியொப்புமை மட்டும் சான்றாகாது என்பதைத் தமிழாசிரியர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கட்டடத்தைப் பார்த்தால் உண்மை விளங்கும். மேலே எழுவது மரக்கட்டடம். அதன் இணைப்புமுறையும் கூரையமைதியும் கோயில், மாளிகைகளில் வழங்கியவை. கீழே உள்ள கற்சுவரைக் கட்டியவர் பீவா ஏரிக்கரையின் அனோ ஊர்க் கல்தச்சர். மேலே நேராகவும் கீழே செல்லச் செல்ல விரிந்தும் வளையும் அச்சுவர், மண்ணை உள்ளே தாங்கி நிற்பது. நிலநடுக்கம் மிக்க நாட்டிற்கு ஏற்றது. சுவரில் அம்புக்கும் துப்பாக்கிக்கும் தனித்தனித் துளைகள். நெருப்பைத் தடுக்கச் சுண்ணச்சாந்து. சுடும் தொலைவிற்கேற்ப அகன்ற அகழி. 1609இல் முடிந்த இமெசிக் கோட்டையில் இவையனைத்தையும் இன்றும் காணலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். படைக்கலத்தின் செல்வாக்கு வேறு. வடிவத்தின் செல்வாக்கு வேறு. அயலார் துப்பாக்கி கோட்டையை மாற்றியது உண்மை. அயலார் கோட்டை ஜப்பானியக் கோட்டையை மாற்றியது என்பதற்குச் சான்று இல்லை. வினா வெளியிலிருந்து வந்தது. விடை வீட்டிலேயே பிறந்தது. 1615இல் தொக்குகாவா அரசு, ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு கோட்டையே என்று ஆணையிட்டது. அத்தோடு கோட்டைக் கலையின் வளர்ச்சியும் நின்றது.

மூன்றாங்காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. மலாக்கா ஒல்லாந்தர் கைக்கு வந்த அதே 1641இல் அவர்கள் நாகசாக்கித் துறைமுகத்தின் தெசிமா என்னும் சிறு தீவில் அடைக்கப்பட்டனர். ஐரோப்பியருள் அவர்கட்கு மட்டுமே வணிக இசைவு இருந்தது. அவர்தம் நூல்களைப் பயின்ற ஜப்பானியப் புலவர் பரம்பரை ஒன்று தோன்றியது. அப்பரம்பரையில் வந்த தக்கெதா அயசபுரோ, ஆக்கோதாத்தே துறைமுகத்திற்கு 1855இல் வந்த பிரெஞ்சுப் போர்க்கப்பலாரிடமும் கேட்டறிந்து, கோரியோக்காக்கு என்னும் கோட்டைக்குத் திட்டம் வகுத்தார். 1857இல் தொடங்கிய வேலை 1864இல் பெரும்பாலும் முடிந்தது. ஐந்து முனை நட்சத்திர வடிவம். யாழ்ப்பாணக் கோட்டையின் உடன்பிறப்பு என்னத் தகும். முனைகளுக்கிடையே ஐந்து முன்னரண்கள் திட்டத்தில் இருந்தன. பணம் போதாமையால் ஒன்றே கட்டப்பட்டது.

இம்முறை வடிவமே வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் காலந்தாழ்ந்து வந்தது. இத்தாலியர் அவ்வடிவைக் கண்டபோது பீரங்கிக் குண்டு செல்லும் தொலைவு சிறிது. 1860க்குள் நெடுந்தொலைவு குறி தவறாமல் சுடும் புதிய பீரங்கிகள் வந்துவிட்டன. 1868இல் பழைய அரசின் ஆதரவாளரான எனொமொத்தோ தக்கெயாக்கி இக்கோட்டையைப் பிடித்து அமர்ந்தார். 1869இல் புதிய அரசின் கப்பல்கள் துறைமுகத்திலிருந்து குண்டு பொழிந்தன. கோட்டையின் நடுவில் இருந்த அலுவலகத்தின் உயர்ந்த கூரைக்கோபுரமே எதிரிக்கு நல்ல குறியாய் அமைந்தது. சில கிழமைகளில் சரணடைந்தனர். கோணங்களைப் படித்தவர், உயரம் குறையாகும் என்ற முதற்பாடத்தை மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இன்று அது செரி மரங்கள் பூத்துக் குலுங்கும் பூங்கா.

நம் ஊரின் அரண்கள்

இவையெல்லாம் தொலைவில் உள்ளவை. சிரம்பானிலிருந்து கோலா பிலாவுக்கு வருவோர் புக்கிட் புத்துஸ் கணவாயைக் கடந்தே வருகிறோம். 1875 திசம்பர் 20ஆம் நாள் அங்கே ஓர் அரண் வீழ்ந்தது. யாம்துவான் அந்தாவின் வீரர்கள் மரங்களை வெட்டி அடுக்கி, சுடுதுளைகள் வைத்து, கணவாயை அடைத்திருந்தனர். கல் இல்லை, கோணம் இல்லை. ஆனால் செங்குத்தான மலையும் அடர்ந்த காடும் இருந்தமையால் பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று. வள்ளுவர் எண்ணிய மலையும் காடும் அன்று அவ்வீரர் பக்கம் நின்றன. அவ்வரண் வீழ்ந்தது பீரங்கியால் அன்று. உள்ளே இருந்தோர் காவல் வைக்காமல் சமைத்துக்கொண்டிருந்த வேளையில், கேப்டன் சேனர் என்னும் அதிகாரி இரு கூர்க்கா வீரரோடு உள்ளே குதித்தார். அதற்காக அவர்க்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அதிகாரத்தின் இறுதிக் குறளுக்கு இதனினும் நேரான உரை வேண்டுமோ? யாழ்ப்பாணத்துக் கல்லும் புக்கிட் புத்துஸ் மரமும் ஒரே வழியில் வீழ்ந்தன: காப்பார் இல்லாமல்.

அப்போரில் ஸ்ரீ மெனாந்தியின் பழைய அரண்மனையைப் பிரிட்டிஷ் படையினர் எரித்தனர். 1902 முதல் 1908 வரை புதிய அரண்மனை எழுந்தது. கோலா பிலாவிலிருந்து சில மைல் தொலைவில் இன்றும் நிற்பது அதுவே. 1992 முதல் அரச அருங்காட்சியகம். செங்கால் மரம், 99 தூண்கள், இரும்பாணி இன்றி மர முளைகளால் இணைத்த கட்டு. அதனை உருவாக்கிய தச்சர்கள் காகார், தாயிப் ஆகியோரின் பெயர்கள் மறையாமல் வழங்குவது நம் நெஞ்சுக்கு ஆறுதல் தருகிறது. பெருங்கோட்டைகள் பலவற்றில் அப்பேறு தச்சர்க்குக் கிட்டவில்லை. அதன் கட்டடமுறை சுமத்திராவிலிருந்து வந்த மினாங்கபாவு மக்களுடையது. நெகிரி செம்பிலானின் அடையாளம் என்று நாம் கொண்டாடும் அக்கூரையும் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்ததே. கோலா பிலா நகரிலேயே, 1897இல் மறைந்த பிரிட்டிஷ் அதிகாரி மார்ட்டின் லிஸ்டரின் நினைவுக்குச் சீனர் முறையில் எழுப்பிய வளைவு நிற்கிறது. ஆங்கிலேயர்க்குச் சீனர் கலையில் மலாய் மண்ணில் நினைவுச்சின்னம்!

ஆசிரியர் கவனத்திற்கு

எனவே, செல்வாக்கு என்பதைப் பெருமையாகவோ இழிவாகவோ கொள்ளாமல் ஆராய்ச்சிக்குரிய வினாவாகக் கொள்ளுதல் வேண்டும். ஒருகால் ஏதிலிகள் வழி வந்தது. ஒருகால் வென்றவர் வழி வந்தது. ஒருகால் நூல் வழி வந்தது. ஒரு நாட்டார் படைக்கலத்தை மட்டும் ஏற்று வடிவத்தை மறுத்தனர்; பின்னர் வடிவத்தை ஏற்றனர், காலம் கடந்து. ஊர்க் கல்லும் ஊர் மக்களின் உழைப்பும் சேராமல் அயலார் திட்டம் ஏட்டைவிட்டு எழுந்ததே இல்லை.

அரண் அதிகாரம் நடத்தும்போது இவ்விடங்களை மாணவர்க்குக் காட்டலாம். புக்கிட் புத்துஸும் ஸ்ரீ மெனாந்தியும் நமக்கு அரைநாள் பயணம்; மலாக்கா ஒருநாள் பயணம். வாயிலில் உள்ள ஆண்டைப் படிக்கச் சொல்லுங்கள். கல் எங்கிருந்து வந்தது, தூணை நிறுத்தியவர் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். விடை கிடைக்காத கேள்விகளையும் அவர்கள் குறித்து வைக்கட்டும். கல் சுமந்தவரின் பேரப்பிள்ளைகள் அக்கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டால், எழுதப்படாத வரலாற்றின் ஒரு பக்கமேனும் எழுதப்படும்.